குதிரை மருந்தும் உன் மாமாவும்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் அம்மாவும் சுகம். உன் மாமாவும் இப்போது சுகம். அந்த இப்போது என்கிற சொல்லை விளக்கத்தான் இந்தக் கடிதம். அவனுக்கு வயிறு சரியில்லை என்று அம்மா போனில் சொன்னாள் அல்லவா, வயிற்றுக்கு ஒன்றுமில்லை, குதிரைக்குக் கொடுக்கும் பூச்சி மருந்தைத் தின்றுவிட்டான். யார் உதவியும் இல்லாமல் நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது, இரண்டு நாளாக எழுதுகிறேன், விரல் வலிக்கிறது, நிறுத்த மனமில்லை.

ஒரு மாதமாக அவனுக்கு விரல் இடுக்கிலும் இடுப்பிலும் ஒரே சொறி. அவன் வேலை பார்க்கும் குதிரை லாயத்துக்கு லாடம் அடிக்க வருகிறவர், குதிரை மருந்து அந்தச் சொறியையும் போக்கும் என்று சொல்லியிருக்கிறார். அங்கிருந்து ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டான், ஊசி இல்லாத தடித்த சிரிஞ்சு, உள்ளே பசை, ஆப்பிள் வாசனை. சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியை என்னிடம் நீட்டி, மச்சான் நீங்கதான் இப்ப படிச்சவராச்சே, எவ்வளவு சாப்பிடணும்னு பாருங்க என்றான். என்னைப் படித்தவன் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். வரி தாண்டாமல் முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று நான் எழுத்துக் கற்கப் போகும் முதியோர் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி பெயர், கதவு எண், தெரு, போன் நம்பர் எல்லாம் படித்தேன். போன் நம்பரில் ஓர் எண் விட்டுப்போய் மறுபடி ஆரம்பித்தேன். மச்சான், அவங்க வீட்டுக்கு நான் விருந்துக்கா போறேன், அளவைச் சொல்லுங்க என்றான். குறுக்கே பேசாதே என்றேன். ஒன்பதாவது வரி, குதிரைகளுக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல. அதைத் திக்காமல் படித்துவிட்டு நிமிர்ந்தால் அவன் சிரிஞ்சு முழுவதையும் தின்று முடித்து நுனியை நக்கிக்கொண்டிருந்தான். ஒரு சிரிஞ்சு அறுநூறு கிலோ குதிரைக்கு. உன் மாமா அறுபது கிலோ.

ஒன்றும் ஆகவில்லையே என்று மூன்று மணி நேரம் சும்மா இருந்தோம், அது பெரிய தப்பு. பிறகு எழுந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினான், நாக்குக் குழறியது, எச்சில் வழிந்தது, வாந்தி எடுத்தான், கை நடுங்கியது. கண்ணின் கருமணி சட்டைப் பொத்தான் அளவுக்கு விரிந்திருந்தது. அம்மா உப்புத் தண்ணீர் கரைக்க ஓடினாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். போனை எடுத்த நர்ஸ், நீங்களா வாந்தி எடுக்க வைக்காதீங்க, வாயில ஒண்ணும் குடுக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வண்டி வருது, பெட்டியில மருந்து எத்தனை சதவீதம்னு படிங்க என்றார். நான் கம்பெனி பெயரிலிருந்து ஆரம்பித்தேன். ஐயா, சதவீதம் மட்டும் என்றார். பதினோரு வரியைத் தாண்டினேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பெட்டியையும் கையோடு கொண்டுவரச் சொன்னார்.

இந்த விஷத்தை முறிக்கத் தனி மருந்து கிடையாதாம். சலைன் ஏற்றி, மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம், உடம்பு தானாக வெளியேற்றும் வரை. மறுநாள் முழுக்கக் கூப்பிட்டும் அவன் கண் திறக்கவில்லை. உன் அம்மா ஒரே ஒரு தடவை, நீங்க அந்தப் போன் நம்பரைப் படிக்காம இருந்திருந்தா என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் பேசவே இல்லை. மூன்றாம் நாள் முழித்தான். டாக்டர் கதவுவரை நடந்து காட்டச் சொன்னார். போனான், கதவைத் தொட்டான், திரும்பி வந்து உட்கார்ந்து இடுப்பைச் சொறிந்தான். சொறியாதடா எருமை என்று அம்மா அதட்டினாள். அவள் குரலைக் கேட்டு ஒரு நாளுக்கு மேலாகியிருந்தது, நான் வராந்தாவுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள், முழுக்கப் படித்துவிட்டுத்தான் போட்டேன், பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள்.

இனி உன் விஷயம். இந்தச் சொறி ஒட்டிக்கொள்ளுமாம். போன மாதம் நீயும் பிள்ளைகளும் மாமாவின் கட்டிலில்தான் படுத்தீர்கள். போனில் கேட்டால் ஒண்ணுமில்லப்பா என்பாய், அதனால் எழுதிக் கேட்கிறேன். அரித்தாலும் அரிக்காவிட்டாலும் டாக்டரிடம் காட்டு. இதே மருந்து மனிதருக்கு மாத்திரையாகவும் உண்டாம், எடை பார்த்து அவரே தருவார். யார் எதைச் சொன்னாலும் நீயாக விழுங்காதே, பிள்ளைகள் எதையாவது விழுங்கிவிட்டால் என்ன ஆகிறது பார்ப்போம் என்று காத்திருக்காதே. நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். டாக்டரைப் பார்த்த அன்றே அம்மாவுக்குப் போன் செய், எனக்குத் தனியாக எழுது.

ஆசிகளுடன்,
உன் அப்பா