இருபத்து நான்கு பேருக்கான பெட்டி

மே 28
கெஞ்சிரோ ஓய்வுபெற்று ஐம்பத்தெட்டு நாள். சமையலறைக்குப் போனால்கூடப் பின்னாலேயே வருகிறார். "எங்க போற?" முப்பத்தேழு வருடக் குடித்தனத்தில் ஒருநாளும் அதைக் கேட்காத மனிதர்!
ஷிசுவோகாவில் தங்கை மிட்சுயோ வீட்டு மாடி அறை காலி. "வந்துடுக்கா. ஆனா அத்தான்கிட்ட நீதான் சொல்லணும்" என்கிறாள். சனிக்கிழமை எனோஷிமாவில் வைத்துச் சொல்வேன். அந்தத் தீவுக்கு ஜோடியாகப் போனால் அங்குள்ள தேவி பொறாமைப்பட்டுப் பிரித்துவிடுவாளாம். அவளும் கொஞ்சம் கை கொடுக்கட்டும்.

மே 31
கால் வலி. காலையிலிருந்து முணுமுணுப்பு, பாதி அவருடையது, பாதி என்னுடையது. ஒரே மூடுபனி. கடல் எது, வானம் எது என்று தெரியவில்லை. பாலத்தில் எங்களுக்கு முன்னே போனவர்கள் ஒவ்வொருவராகக் கரைந்துபோனார்கள். நானும் அப்படியே நடந்து கரைந்துவிடலாம் போலிருந்தது.
"இதுக்கா ரெண்டு ரயில் மாறி வந்தோம்?" என்றார் அவர்.
கடைத்தெருவில் ஆக்டோபஸ் அப்பளத்துக்கு அரைமணி நேர வரிசை. "ஆஃபீஸ்லகூட நான் இப்படி நின்னதில்ல."
"அங்க உங்களுக்காக மத்தவங்க நின்னாங்க."
முகத்தைவிடப் பெரிய அப்பளத்தை ஆளுக்குப் பாதியாகத் தின்றோம். இப்போது சொல்லிவிடலாம் என்று திரும்பினால் ஆளைக் காணோம். இனிப்புக் கடையில் விரல் மடித்துக்கொண்டு நிற்கிறார். "குசுமி, ஹமனோ, இவாசே, அந்தப் புதுப் பொண்ணு..." வெளியூர் போனால் ஆஃபீஸுக்கு இனிப்போடு திரும்புவது எல்லோருக்கும் வழக்கம்தான். இருபத்து நான்கு பொட்டலம் உள்ள பெட்டி. கடைப்பெண் கட்டிக் கொடுத்த பிறகுதான் அவர் கை அப்படியே நின்றது.
முப்பத்தேழு வருடத்தில் ஒரு பெட்டிகூட வீட்டுக்கு வந்ததில்லை. அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் பணத்தை நானே எடுத்துக் கொடுத்தேன்.
ரயிலில் ஜன்னலைப் பார்த்தபடி, "திங்கட்கிழமை வேலைக்குப் போவேன்னு நெனச்சுட்டேன் போல" என்றார். மடியில் பெட்டி.
சொல்லவில்லை.

ஜூன் 3
பெட்டி ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கிறது. இருவருமே திறக்கவில்லை.

ஜூன் 6
சொல்லிவிட்டேன். அவர் சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிறகு, "எப்பத் திரும்புவ?"
"தெரியல."
எழுந்துபோய் அந்தப் பெட்டியைத் துடைத்து என் முன்னால் வைத்தார். "புது எடத்துக்குக் குடிபோனா அக்கம்பக்கத்துல ஏதாவது குடுக்கணும். வெறுங்கையோட போகாத."
திட்டியிருக்கலாமே! ஏன் திட்டவில்லை?

ஜூன் 9
ஷிசுவோகா. மாடி அறையில் புதுப் பாய் வாசனை. எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லை. பகல் முழுக்கத் தூக்கமா விழிப்பா என்று தெரியாமல் மிதந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் தெருவில் இனிப்புக் கொடுத்தேன். "ரொம்ப நாள் இருப்பீங்களா?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டார். சிரித்து வைத்தேன்.

ஜூன் 10
மழை. எதுவுமில்லை.

ஜூன் 12
மழை விட்டது. சும்மா ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். எப்படி இனிப்புக் கடைக்குள் நுழைந்தேனோ, தெரியவில்லை. "எத்தன பேருக்குங்க?" என்றாள் கடைப்பெண். விரலை மடிக்க ஆரம்பித்து, ஒன்றோடு நிறுத்தினேன். இருப்பதிலேயே சின்னப் பெட்டியாகக் கொடுத்தாள். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. ஊர் திரும்புகிறவர்கள் அல்லவா இதை வாங்குவார்கள்!
மிட்சுயோ பையைப் பார்த்தாள். "எத்தன மணிக்கு ரயில், அக்கா?"
"காலைல எட்டு மணி. இனிமே அந்த மனுஷன் சமையலறைக்குள்ள வரட்டும், வெங்காயம் உரிக்க வெச்சுடறேன்."