இடது மூன்று, வலது ஐந்து

திருத்தங்கல்,
13.11.2005, ஞாயிறு மாலை.

அன்புள்ள மாரிக்கண்ணன் அண்ணனுக்கு,

தங்கை பாண்டிச்செல்வி எழுதுவது. இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குப் பாதகமானதையும் விட மாட்டேன், அப்பாவுக்குப் பாதகமானதையும் விட மாட்டேன். பாதியில் கோபம் வந்தாலும் கிழித்துவிடாமல் கடைசி வரை படி. நாங்கள் மூவரும் உடம்புக்குச் சுகம். மற்ற சுகம் உன் பதிலில்தான் இருக்கிறது.

தீபாவளி கழிந்த மறுவாரம் உன் தபால் கார்டு வந்தது. "வண்டியை எடைக்குப் போட்டுவிடுங்கள். நான் இனி வண்டியைத் தொட மாட்டேன். சீனிராஜ் காலுக்கு நான்தான் காரணம். என்னை ஊருக்கு வரச் சொல்லாதீர்கள்." நான்கே வரி. கீழே பனியன் கம்பெனி முகவரி. அம்மா என்னை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். அப்பா ஒருமுறை கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியாயிற்று. அவர் வருவது நாளைக் காலை.

செப்டம்பர் நான்காம் தேதி சாத்தூர் ரோட்டில் நீயும் சீனிராஜ் அண்ணனும் விழுந்த நாளிலிருந்து எல்லோரும் சொல்வது ஒரே சொல், வேகம். சீனிராஜ் அண்ணனின் அம்மா வேலுத்தாய் அத்தை புதுப்பட்டியிலிருந்து வந்து நம் தெருவில் நின்று, "குனிஞ்சு ஓட்டுற வண்டியை வாங்கி எம்புள்ளை காலை ஒடிச்சிட்டான்லே உங்க மகன்" என்று கத்தியபோது நம் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. நீயும்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் முதல் நாள் நீ, "பின்னாடி ஆடுச்சு, ரெண்டு ஆட்டு ஆட்டிச்சு, அப்புறந்தான் விழுந்தோம்" என்று இரண்டு முறை சொன்னாய். யாரும் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன். பிறகு நீயே அதைச் சொல்வதை விட்டுவிட்டாய்.

அதனால் வண்டி எடைக்குப் போகுமுன் அதை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். வியாழக்கிழமை அப்பா டீக்கடைக்கும் அம்மா தண்ணீருக்கும் போயிருந்தபோது, சுவரோரம் உன் பைக்கை மூடியிருந்த தார்ப்பாயை விலக்கினேன். வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தில், ஓட்டுமுன் பார்க்க வேண்டியவை என்று ஒரு பக்கம் இருக்கிறது. அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

வண்டி ஆடினால் எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று அதிலேயே போட்டிருக்கிறது. முதலில் டயர் காற்று. பத்து வாரம் நின்ற வண்டி, காற்று இறங்கியிருந்தது, அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. அடுத்தது ஹேண்டில். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் திருப்பும்போது நடுவில் எங்கும் சிக்கக் கூடாது. சிக்கவில்லை. இடப்பக்க ஹேண்டில் முனை தேய்ந்து, டேங்க்கில் பெரிய நசுங்கல். பார்க்கக் கஷ்டமாக இருந்தது, தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். முன் சக்கரம் கோணாமல் சுற்றியது. கடைசியில் பின் சக்கரம். செயினை இறுக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் சிறுசிறு கோடுகள் வெட்டியிருக்கும் அல்லவா? இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கும் என்று புத்தகம் சொல்கிறது. எண்ணினேன். இடது பக்கம் மூன்றாவது கோடு. வலது பக்கம் ஐந்தாவது. திரும்பத் திரும்ப எண்ணினேன். பிறகு சக்கரத்தைப் பிடித்திருக்கும் பெரிய நட்டில் ஸ்பேனரைப் போட்டேன். அண்ணா, அது என் ஒரு கைக்குத் திரும்பியது.

விழுந்த அடியில் அப்படி ஆகியிருக்கலாமே என்று முதலில் நினைத்தேன். அதையும் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு தாளில் படம் வரைந்து மெக்கானிக் பலவேசம் அண்ணனிடம் கொண்டுபோனேன். யார் வண்டி என்று சொல்லவில்லை. அவர் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "விழுந்தா கம்பி வளையும், கண்ணாடி உடையும். செயின் போல்ட்டு தானா ரெண்டு கோடு திருகிக்கிடாதும்மா. இது மனுசன் கை வச்சது" என்றார். கடைசியாகக் கை வைத்தது யார் என்று கேட்டார். நான் தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியாகக் கை வைத்தது யார் என்று உனக்கும் தெரியும். நீங்கள் விழுந்ததற்கு முந்தின நாள் சனிக்கிழமை. அச்சுப் பிரஸ்ஸில் காலண்டர் சீசன் வேலை, இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து நீ தூங்கிக்கொண்டிருந்தாய். செயின் தொங்கி மூடியில் அடிக்கிறது என்று நீ சொல்லியிருந்ததால் அப்பா, "புள்ளை தூங்கட்டும், நானே முடுக்கி விடுதேன். ஏ செல்வி, அந்தப் புக்கை வாசி" என்றார். நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். செயின் இரண்டு விரல் அளவு ஆட வேண்டும் என்பது வரை சொன்னேன். அடுத்த பத்தியில் எனக்குத் தெரியாத சொற்கள் மூன்று இருந்தன. எல்லாம் தெரிந்த மாதிரி அதுவரை வாசித்துவிட்டு, அப்பா முன்னால் அகராதியைத் தேட எனக்கு வெட்கமாக இருந்தது. "அவ்வளவுதான்ப்பா" என்றேன். கோடுகளைப் பற்றியும் நட்டை இறுக்குவது பற்றியும் எழுதியிருந்தது அந்தப் பத்தியில்தான்.

இது என் பங்கு. இனி அப்பாவின் பங்கு.

அப்பாவின் கை உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறையில் வேலை. உள்ளே இரும்பு கூடாது, செருப்பு கூடாது, எதையும் தட்டக் கூடாது, உரசக் கூடாது. ஒரு சட்டியை இறக்கினால்கூடச் சத்தம் வரக் கூடாது. வீட்டிலும் டம்ளரை அவர் வைத்தால் வைத்தது தெரியாது. நம் வீட்டில் ஆணி அடிப்பதெல்லாம் அம்மாதான். அந்தக் கையால்தான் அன்று நட்டைத் திருகினார். அது எங்கே நின்றதோ அங்கே விட்டுவிட்டார். புத்தகக் கணக்குப்படி, ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் எட்டுக் கிலோவைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு இறுக வேண்டும். நம் ஸ்பேனர் ஒரு அடி. அப்படியானால் அதன் நுனியில் இருபத்தாறு கிலோ. அப்பா வாழ்நாளில் இரும்பை அப்படி அழுத்தியிருக்க மாட்டார்.

மறுநாள் காலையில் நீ டீக்கடைக்குப் போய்வந்து, "வண்டி ஒரு பக்கமா இழுக்குது, காத்து கம்மி போல" என்றாய். காற்று அடித்துக்கொண்டு சீனிராஜ் அண்ணனை ஏற்றப் போனாய்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். முதலில் நான் பத்தியை விட்டதைச் சொன்னேன், பிறகு கோடுகளை. அவர் எழுந்தார். வெளியே போய் வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து, கோடுகளைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார், இடது பக்கம், பிறகு வலது பக்கம். "பின்னாடி ஆடுச்சுன்னு அவன் சொன்னப்பவே என் கை சொல்லிருச்சுத்தா" என்றார்.

அண்ணா, அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீ மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறியபோதும் தெரிந்திருக்கிறது. இதை எழுதலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். உண்மையை எழுதுவேன் என்று மேலே எழுதிவிட்டேனே.

அடுப்படியிலிருந்து அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. கரண்டியோடு வந்தாள். "ஊரு பூராம் பெத்த பிள்ளையைப் பேசுது. வாயைத் தச்சுக்கிட்டு இருந்தீகளே, நீங்க மனுசந்தானா?" என்றாள். அப்பா தலை நிமிரவில்லை. "வேலுத்தாய் மொகத்துல எப்படி முழிப்பேன்" என்று மட்டும் சொன்னார். "எம்புள்ளை எப்படி முழிச்சான்?" என்றாள் அம்மா. அன்று இரவு யாரும் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலையில் அப்பாவே போய்ப் பலவேசம் அண்ணனைக் கூட்டி வந்தார். அவர் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நூல் பிடித்துப் பார்த்து, இரண்டு பக்கமும் நான்காவது கோட்டில் நிறுத்தினார். வளைந்த பெடலைத் தட்டி நேராக்கினார். நட்டை இறுக்கும் நேரத்தில் அப்பா, "நான் முடுக்குதேன்" என்றார். இரண்டு கையாலும் இழுத்தார். பலவேசம் அண்ணன் "பத்தாது" என்றார். மறுபடி இழுத்தார். பத்தாது. அம்மா வந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தள்ளுங்க" என்று ஸ்பேனர் மேல் காலை வைத்து ஒரு மிதி மிதித்தாள். அப்பாவும் கூடவே இழுத்தார். நட்டு கிறீச்சென்றது. அந்தச் சத்தத்துக்கு அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பலவேசம் அண்ணன் அம்மாவைப் பார்த்து, "இப்ப இறுகிருச்சு சின்னத்தாயக்கா" என்றார். பிறகு நீங்கள் விழுந்த அதே சாத்தூர் ரோட்டில் எழுபதில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "கம்பி மேல போற மாதிரி போகுது" என்றார்.

இன்று மதியம் அப்பா, எம். புதுப்பட்டிக்குப் போய் வேலுத்தாய் அத்தையிடம் நேரில் சொல்லப் போவதாகச் சொன்னார். பஸ்ஸில் போகச் சொன்னோம். "இந்த வண்டியிலதான் போகணும்" என்றார். ஆலை போர்மேனின் கியர் வண்டியைப் பல வருடத்துக்கு முன் ஓட்டிய பழக்கம் மட்டும்தான் அவருக்கு. தெருவிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். முன் டிஸ்க் பிரேக்கை அந்தப் பழைய வண்டி பிரேக் மாதிரி ஒரேயடியாகப் பிடித்ததில், வண்டி முன்பக்கமாகக் குப்பென்று அமுங்கியது. இரண்டு விரலால் மெதுவாகப் பிடிக்க வேண்டும், பின் பிரேக்கோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், மணல் கிடந்தால் வளைவில் பிரேக்கே கூடாது என்று புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். இந்தத் தடவை ஒரு வரி விடவில்லை. அம்மா, "சாமி கும்பிடப் போறவுக மாதிரி குனிஞ்சு ஓட்டுதீக" என்றாள். மூன்று நாளில் அப்பா அப்போதுதான் சிரித்தார்.

கிளம்புமுன் ஒரு காரியம் செய்தார். பின்னால் இருக்கும் இரண்டு ஸ்பிரிங்கையும் திருகி, இரண்டு படி கெட்டியாக வைத்தார். அது இரண்டு பேர் போகும்போது வைப்பது, தனியாகப் போனால் தூக்கிப் போடும் என்றேன். "இருக்கட்டும்த்தா" என்றார்.

நாலரைக்குப் போனவர். ஆறரைக்குள் வந்துவிடுவேன் என்றார். இப்போது மணி ஏழு. நடுவில் தூறல் போட்டது. ரோடு வழுக்குமே என்று அம்மாவிடம் சொல்லவில்லை, அவளும் என்னிடம் சொல்லவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் நிற்கிறாள். புதுப்பட்டிப் பக்கமிருந்து வரும் பஸ் இரண்டு போய்விட்டன. அத்தை என்ன சொன்னார்களோ. அடித்தாலும் வாங்கிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அப்பா உனக்கு எழுதச் சொன்னது இவ்வளவுதான்: "மாரி மேல தப்பில்ல. வண்டி மேலயும் தப்பில்ல." அண்ணா, அவர் மேல் கோபப்பட வேண்டும் என்றால் வந்து நேரில் கோபப்படு. என் மேலும் கோபப்படு. நாளைக்கு வரும் இரும்புக்காரரைத் திருப்பி அனுப்பிவிடுவதாக அம்மா சொல்லிவிட்டாள். அதனால் வண்டி இங்கேதான் இருக்கும். நீ வந்து அந்த நட்டை ஒருமுறை உன் கையால் இழுத்துப் பார். நீ "சரி" என்று சொன்னால்தான் அது எங்களுக்கு இறுகியதாக ஆகும்.

உன் வருகையை எதிர்பார்க்கும் தங்கை,
பாண்டிச்செல்வி.

பின்குறிப்பு: மணி ஏழு இருபது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், வாசலில் நின்று சுவரில் வைத்து எழுதுகிறேன். வண்டிச் சத்தம் கேட்கிறது. நம் வண்டிச் சத்தம்தான், எனக்குத் தெரியும். தெருமுனையில் வெளிச்சம் திரும்புகிறது. மெதுவாக, மிக மெதுவாக வருகிறார். குதிக்கவில்லை. ஸ்பிரிங் அமுங்கியிருக்கிறது. அப்பாவுக்குப் பின்னால் யாரோ ஒரு காலை நீட்டியபடி உட்கார்ந்து, ஒரு கையால் அப்பா தோளைப் பிடித்திருக்கிறார். மடியில் குறுக்கே ஒரு ஊன்றுகோல். அம்மா "ஏ சீனிராசு" என்று ஓடுகிறாள். வண்டி வாசலில் நின்றுவிட்டது. அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.