தவக்காலத்தின் முதல் ஞாயிறு வரை ஓர் அறை

தோரெல்பா,
ஜனவரி கடைசி ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

அன்பு மகள் மார்செலாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே ஹோபார்ட்டில் நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும் இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம்தான், என் வலது மணிக்கட்டு ஒன்றைத் தவிர. ரொட்டிக்கடைப் படியில் உறைபனி வழுக்கி விழுந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது, பயப்படாதே, விரலெல்லாம் அசைகிறது. அதனால் கையெழுத்து காசில்டாவுடையது, வார்த்தை என்னுடையது. உன் தங்கையை உனக்குத் தெரியும், பதினான்கு வயதில் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைக்கூடக் கடைசி வரி வரை படிப்பவள், எங்கே புள்ளி வைக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், வைக்கவே வேண்டாம் என்றால் இப்படியே போனா படிக்கிற அக்கா மூச்சு முட்டிப் போயிடுவாம்மா என்கிறாள். ஃபோனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நம் ஃபோன் நடையில் இருக்கிறது, அதற்குப் பக்கத்து நாற்காலியில் உன் அப்பா இருக்கிறார். சொல்லப்போகும் விஷயம் அவரைப் பற்றியது. நான் ஏன் விழுந்தேன் என்பதும் அதில்தான் வருகிறது.

முதல் அதிர்ச்சி மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள். பருப்பும் பன்றிக்கறியும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வருஷா வருஷம் கேட்பதுபோல உன் அப்பாவிடம் கேட்டேன், ஈஸ்டருக்குப் பள்ளிக்கூடமும் லீவு, உன் இரும்புக்கடையும் லீவு, மூன்று நாள் எங்கேயாவது ஒரு நகரத்துக்குப் போய்வருவோமே, வேறொருத்தி விரித்த கட்டிலில் நானும் ஒருமுறை படுத்துப் பார்க்கிறேனே என்று. பதில் எனக்கு மனப்பாடம், புனித வாரத்துலயா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா ரெமேதியோஸ் என்பார், நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். அன்றைக்கு அவர் ரொட்டியை வெட்டினார், எனக்கொரு துண்டு வைத்தார், போலாம் என்றார். கரண்டி என் கையிலிருந்து பருப்புக்குள்ளேயே விழுந்துவிட்டது. காசில்டா வாயில் வைத்ததை மெல்லாமல் உட்கார்ந்திருந்தாள். புனித வார ஊர்வலத்தில் வியாகுல மாதா சப்பரத்தின் அடியில் இரண்டாம் வரிசை இடதுபக்கம் தோள் கொடுப்பதற்காகக் கல்யாணத் தேதியையே தள்ளி வைத்த மனிதர். நீ பிறந்தது பெரிய வியாழன் அன்று, சப்பரம் கோயில் திரும்பிய பிறகு சனிக்கிழமைதான் வந்து உன்னைப் பார்த்தார், கழுத்தோரம் தோல் உரிந்து, அந்தத் தோளில் உன்னைச் சாய்க்கவும் முடியாமல். அந்த மனிதர் போலாம் என்கிறார். உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது, நம்மிடம் மறைக்கிறார், சாவதற்கு முன்னால் என் ஆசையைத் தீர்த்துவைக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அன்று முழுக்க அவர் இருமினாலே நான் எட்டிப் பார்த்தேன்.

பிறகு எங்கே போவது என்ற பேச்சு. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார், மேளச் சத்தம் காதில் விழக் கூடாது. புனித வாரத்தில், ஊருக்கு ஊர் சப்பரத்தோடு மேளம் போகும் இந்த நாட்டில். காசில்டா நூலகத்திலிருந்து மூன்று வழிகாட்டிப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு கிரனாதா அரண்மனை பார்க்க ஆசை, அது முதலிலேயே அடிபட்டது. செவில்லா, மாலகா, வாய்யதோலித் எல்லாம் பேச்சுக்கே இடமில்லை. பார்சலோனா என்று நான் சொன்னேன், அங்கயும் உண்டும்மா, பெரிய வெள்ளியன்னிக்கு என்று பக்கத்தைக் காட்டினாள். பில்பாவ் என்றார் அவர், அங்கேயும் இருக்கிறது. அடுத்த வீட்டுத் தொமாசா முட்டை வாங்க வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேளம் கேக்காத இடம் வேணும்னா எங்க வீட்டுக்காரர் காதுக்குள்ள போய் ரூம் எடுங்க, நான் எவ்வளவு கத்தினாலும் அங்க ஒண்ணும் கேக்காது என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைசியில் காசில்டாதான் சான் செபஸ்தியானைக் கண்டுபிடித்தாள், அங்கே அந்த வாரம் பெரிதாக எதுவும் கிடையாதாம். உன் அப்பா சந்தேகமாகப் பார்த்தார், அது மேளத்துக்கே பேர்போன ஊராச்சே என்றார். அது ஜனவரியிலப்பா, ஒரு நாள் முழுக்க அடிச்சுத் தீர்த்துடுவாங்க, ஈஸ்டர் வரைக்கும் கையே தூக்க முடியாது என்றாள் இவள். அவர் சிரித்தார். ரயிலில் மெதினாவில் மாறிப் போகலாம், கடற்கரைக்குப் பின்தெருவில் மூன்று கட்டில் போட்ட அறை, காலையில் தேவாலயம், மதியம் மீன், மாலையில் காசில்டாவுக்காகக் காட்சிசாலையில் திமிங்கல எலும்புக்கூடு என்று அவரே நாளைப் பிரித்துக் கொடுத்தார். விடுதிக்காரம்மாவிடம் ஃபோனிலும் அவரே பேசினார். தவக்காலத்தின் முதல் ஞாயிறு வரைக்கும், ஈஸ்டருக்கு ஆறு வாரம் இருக்கும்வரை, அறையைப் பிடித்து வையுங்கள், அன்றைக்கு உறுதியாகச் சொல்கிறேன் என்றார். ஏன் இன்றைக்கே உறுதி சொல்லக் கூடாது என்று கேட்டேன், கடைக்குச் சரக்கு வருது பாரு என்று எழுந்து போய்விட்டார், சரக்கு எதுவும் வரவில்லை.

இரண்டாவது அதிர்ச்சிதான் படியில் விழவைத்தது. போன வாரம் ரொட்டிக்கடை வரிசையில் தொமாசா என் முழங்கையைப் பிடித்து, என்னடி இது, உம் புருஷன் சபைக் கூட்டத்துல அவ்வளவு பண்ணிருக்கான், நீ ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து நிக்கிறியே என்றாள். அவள் கணவர் நிகனோர் சப்பரம் தூக்கும் சபையின் செயலாளர் என்பது உனக்குத் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது என்று என் முகத்தைப் பார்த்துப் புரிந்ததும் அவளுக்குக் கிடைத்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வரிசையில் நின்ற எல்லோரும் கேட்கச் சொன்னாள். உன் அப்பாவின் இடதுதோள் நரம்பு அக்டோபரிலேயே கிழிந்துவிட்டதாம், கடையில் ஆணி மூட்டை இறக்கும்போது. சமோரா மருத்துவர் இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டாராம். நம்மிடம் மூச்சு விடவில்லை. அந்தக் கூட்டத்தில்தான் சப்பரத்துக்கடியில் பெண்களையும் சேர்ப்பதா என்று கை தூக்கச் சொன்னார்களாம். ஒவ்வொரு முறையும் முதலில் எழுந்து வேண்டாம் என்று கத்துகிறவர் உன் அப்பாதானே, அவர் எழுந்ததும் நிகனோர், சரி சரி, பசிலியோ சொல்றத இன்னிக்கும் கேட்டுட்டு வீட்டுக்குப் போவோம் என்று காகிதத்தை மூடிவிட்டாராம். உன் அப்பா சொன்னாராம், என் இடம் காலியாகுது, நம்ம வழக்கப்படி மூத்த பிள்ளைக்குப் போகணும், எழுதிக்கோ. உனக்கு ஆம்பளப் பிள்ளையே கிடையாதேப்பா என்றாராம் நிகனோர். மூத்த பிள்ளைன்னுதான் சொன்னேன், பேர் மார்செலா, எழுதிக்கோ என்றாராம் உன் அப்பா.

மார்செலா, நான் ரொட்டியை வாங்கினேனா காசு கொடுத்தேனா எதுவும் நினைவில்லை. வெளியே வந்தேன், படி அங்கே இல்லை.

தொமாசாவேதான் என்னைத் தூக்கி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள், என் கை தொங்கிக்கொண்டிருக்க மீதிக் கதையையும் வழியெல்லாம் சொல்லி முடித்தாள். உன் பெயரைக் கேட்டதும் பின்வரிசையில் சிரித்தார்களாம். கறிக்கடை லூப்பே, அவ உயரம் என்னன்னே தெரியாது, தோள் ஒரு விரல் ஏறி இறங்கினாலும் மொத்த பாரமும் பக்கத்து ஆள் கழுத்துலதான் என்றானாம். அது நியாயமான கேள்விதான், ஒரே மட்டத்துத் தோள்களைப் பார்த்துத்தான் வரிசையே போடுவார்கள். அதற்கு உன் அப்பா, இந்த வீட்டுக்கு நாம் குடிவந்த நாளைச் சொன்னாராம். சமையலறைப் பளிங்கு மேஜையை அவர் ஒரு பக்கமும் நீ ஒரு பக்கமும் தோளில் வைத்து மேலே கொண்டுபோனீர்களே, அதன் மேல் யாரோ மறந்து வைத்த ஒயின் கிளாஸ் அப்படியே இருந்ததாம், ஒரு சொட்டுச் சிந்தவில்லையாம். என் தோளும் அவ தோளும் ஒரே மட்டம், அன்னிலருந்தே எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் அவளைப் பாத்துச் சிரிச்சேன் என்றாராம். அதோடு நிகனோர் மூடிய காகிதத்தைத் திறந்தாராம். கை தூக்கினார்கள், பெண்கள் பக்கம் ஜெயித்துவிட்டது.

எந்தச் சிரிப்பு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவெலினோ பாரில், ஊரே நிற்கும்போது, உங்களுக்கப்புறம் அந்த இடம் எனக்குத்தாம்பா என்று நீ கேட்டதும், அடியில உனக்கென்னடி வேலை, மேல ஏறி மாதா பக்கத்துல நில்லு, பாக்க லட்சணமா இருக்கும் என்று அவர் சிரித்ததும் மற்றவர்கள் சேர்ந்துகொண்டதும். அந்த வருஷமே நீ கிளம்பிவிட்டாய், அன்றிலிருந்து நீ ஃபோன் செய்தால் இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன் என்பதைத் தாண்டி அவர் வாயில் ஒரு வார்த்தை வந்ததில்லை.

மாவுக்கட்டோடு என்னைக் கூட்டிப்போக வேனில் வந்தார். பாதி வழியில் கேட்டேன். மறுக்கவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தார். அவகிட்ட சொல்லாத, எழுதவும் செய்யாத என்றார். மனுஷா, சொல்லாம அவ எப்படி வருவா, கனவுல மாதா வந்து சொல்லுவாளா என்று கேட்டேன். சொன்னா நான் கூப்பிட்டதா ஆயிடும் ரெமே, கூப்பிட எனக்கு மூஞ்சி இல்ல, பேர் அங்க இருக்கட்டும், அது போதும் என்றார். அப்புறம் எதற்கு சான் செபஸ்தியான் என்று கேட்டேன். பெரிய வெள்ளி சாயந்திரம் மாதா நம்ம பால்கனிக்குக் கீழ நிப்பா, நான் போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு என் இடத்துல வேற யார் காலோ நடக்கிற சத்தத்தைக் கேக்கணுமா என்றார். அப்போதுதான் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்குப் புரிந்தது. ஜெர்மனியில் வேலை பார்ப்பவர்களுக்காகச் சபையில் வைத்த விதி உண்டே, பெயர் எழுதப்பட்டவரின் சம்மதம் தவக்காலத்தின் முதல் ஞாயிறுக்குள் வந்து சேர வேண்டும், கடைசி இரண்டு ஒத்திகைக்கு ஆளே வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. இங்கே அடுத்தவன் லூப்பேயின் மகன். அறையையும் அந்த ஞாயிறு வரைதான் பிடித்து வைத்திருக்கிறார், நீ சம்மதித்தால் பயணம் கிடையாது. ஆயுசு முழுக்க நான் ஆசைப்பட்ட மூன்று நாள் கைக்கு வந்திருக்கிறது, அது நடக்கக் கூடாது என்று நானே வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அவர் சொல்லைத் தாண்டித்தான் இதை எழுதுகிறேன். வா என்று சொல்ல எழுதவில்லை. நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் உனக்கு லீவு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், இவ்வளவு தூரம் வந்து போவது சின்ன விஷயமும் இல்லை. அந்தச் சிரிப்பு இன்னும் உன் காதில் இருந்தால் அதற்கும் உனக்கு உரிமை உண்டு, வராதே, உன்னை யாரும் குறை சொல்ல விடமாட்டேன், நாங்கள் மூன்று பேரும் போய் மீன் சாப்பிட்டுவிட்டுத் திமிங்கலத்தைப் பார்த்துவிட்டு வருவோம். ஆனால் தெரியாமலே நீ வராமல் இருந்தாய் என்று ஆகக் கூடாது. எதுவானாலும் தொமாசா வீட்டுக்கு ஃபோன் செய், அவளுக்கு எப்படியும் எல்லாம் தெரிந்துவிடும், முதலிலேயே தெரியட்டும். (அக்கா, இது நான், காசில்டா. திமிங்கலம் செத்து ரொம்ப வருஷம் ஆச்சு, அது எங்கயும் போகாது. எனக்காகன்னு எதுவும் முடிவு பண்ணாத.)

முடித்துவிடலாம் என்று இருந்தேன், முடிக்க விடவில்லை. இப்போது இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது உன் அப்பா சமையலறைக்குள் வந்தார். மேஜையில் விமானத் தபால் உறை இருக்கிறது, ஓரமெல்லாம் கோடு போட்டது, மறைக்க நேரமில்லை, காசில்டா அதன் மேல் முழங்கையை வைத்தாள், பாதி தெரிந்தது. அவர் பார்த்தார். தண்ணீர் குடித்தார். வெளியே போனார். போச்சு என்று நினைத்தேன். திரும்பி வந்தார், கையில் அவருடைய தோள்மெத்தை, சப்பரத்தடியில் கட்டிக்கொள்வாரே அது, வேர்வை ஏறிக் கறுத்துப்போன பழைய உறையைப் பிரித்துவிட்டுப் புது வெள்ளைத் துணி வைத்திருந்தார். அதை என் முன்னால் வைத்து, வார் எனக்கு வெட்டினது, நீளம், சுருக்கணும் என்றார். என் கை இப்படி இருக்கு, எவ்வளவுன்னு வேற தெரியாதே என்றேன். அவர் தபால் உறையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. காசில்டா தைக்கட்டும், இப்போதைக்கு இழுத்து ஓட்டுத் தையல் போட்டு வைக்கட்டும், வேணாம்னா உருவிடலாம் என்றார். வாசல் வரை போய் நின்று, அவ தோள் அளவு என்னன்னு கேட்டு எழுதச் சொல்லு என்றார்.

காசில்டா ஒரு கண்ணைத் துணியிலும் ஒரு கண்ணைக் காகிதத்திலும் வைத்து எழுதுகிறாள், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

வியாகுல மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாளாக. இரவுப் பணிக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே, அங்கே வெயில் என்றாலும் கழுத்தை மூடிக்கொள். கழுத்து அடியிலிருந்து தோள்மூட்டு வரை இடதுபக்கம் அளந்து எழுது, துணி நாடாவால் அள, சட்டைக்கு மேல் அளக்காதே.

உன்னை நெஞ்சோடு அணைக்கும்
அம்மா ரெமேதியோஸ்

எழுதியது: காசில்டா. ஓட்டுத் தையல் போட்டுவிட்டேன்.