பன்னிரண்டு மாதக் கரண்ட் பில்

என்னோடு பேசாமல் இருப்பவளுக்கு,

மகள் வீட்டில் சௌகரியமாக இருப்பாய். நானும் இங்கே சௌகரியம்தான்.

அரசாங்க மானியத்தில் மாடியில் சோலார் போட எழுதிக் கொடுத்திருந்தேன். நேற்று பொறியாளர் வந்தார். நீ துணி காயப்போடும் கொடிக்குக் கீழே குனிந்து குனிந்து அளந்துவிட்டு, பன்னிரண்டு மாதக் கரண்ட் பில்லைக் கேட்டார்.

"என்ன சார், ஆறு மாசமா யூனிட் பாதியாக் குறைஞ்சிருக்கு? பெரிய மெஷின் எதாவது ரிப்பேரா?"

"இல்ல தம்பி. வீட்டுல ஊருக்குப் போயிருக்காங்க."

அவர் போன பிறகும் அந்தப் பழைய பில்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆளில்லாத கூடத்தில் சுற்றும் ஃபேன், நீ குளித்து வந்த பின்னும் எரியும் குளியலறை விளக்கு, சமையலறையில் தன்பாட்டுக்குப் பாடும் ரேடியோ எல்லாம் அதில் இருந்தன. நான் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்து ஒவ்வொன்றாக அணைப்பேன். "சுவிட்ச் போலீஸ் வந்தாச்சு" என்று சிரிப்பாய். கடைசியாகச் சண்டை போட்ட அன்று மட்டும் நீ சிரிக்கவில்லை. அன்று நான் பேசியது சுவிட்சைப் பற்றி மட்டும் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

சொல்ல மறந்துவிட்டேன். கிளம்பும்போது பொறியாளர், "உங்க ஒருத்தருக்கு ஒரு கிலோவாட்டே தாராளம் சார்" என்றார்.

"மூணு போடுங்க."

"வீணாப் போகுமே சார்!"

"போகட்டும்" என்றேன்.

முப்பது வருஷத்தில் இந்த வார்த்தையை என் வாயிலிருந்து நீ கேட்டதுண்டா?

இப்படிக்கு,
வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும்
சுவிட்ச் போலீஸ்