தொட்டியம் லாரிப் பாட்டு

சனிக்கிழமை, இரவு

என்னய்யா நோட்டு, சௌக்கியமா? இன்று ஸ்ரீரங்கத்தில், மாதாமாதம் நாங்கள் கூடிப் பாடும் மாடியில், என் சொந்தப் பாட்டை முதன்முதலாகப் பாடினேன். அங்கே மைக் கிடையாது. பாட்டு பிடித்தால் எல்லோரும் கூடப் பாடுவார்கள். பிடிக்காவிட்டால் சும்மா இருப்பார்கள். அந்தச் சும்மாவுக்குப் பயந்து, பாட்டு பிறந்த கதையை ஆரம்பித்தேன்: தொட்டியத்து வாழைத்தார் லாரி, டிரைவர், அவர் மச்சான் கல்யாணம்... நடுநடுவே பல்லவியைப் பாடிக் காட்டினேன்.

"அண்ணே, கல்யாணத்துக்கு அப்புறம் போலாம், கிட்டார எடுங்க!" என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

எடுத்தேன். நான் வாய் திறப்பதற்குள் மாடியே பல்லவியைப் பாடியது! சந்தோஷத்தில் எனக்குச் சரணமே மறந்துவிட்டது.

"விடுங்கண்ணே, பல்லவியே போதும்," என்று டீச்சர் மறுபடி எடுத்துக்கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் முனகினேன். பக்கத்து சீட்டுக்காரரும்... இதோ, "ஏங்க, தோசை ஆறுது!" என்கிறாள் மனைவி. அந்தப் பக்கத்து சீட்டுக்காரரும் மெதுவாகத் தொடையில் தாளம்... சரி, முதலில் தோசை!