நான்கு கியர் பெட்டியும் உங்கள் பிடிவாதமும்

இன்று காலை புருசெத் வாடகைப் பட்டறையில் உங்கள் காரைத் தூக்கி நிறுத்தி, கியர் பெட்டியின் எண்ணெயை வடித்தேன். சூடான எண்ணெய் வாளியில் விழுந்ததும் அந்த வாசனை எழுந்தது. கூடவே எனக்குக் கோபமும் வந்தது. நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. இறந்தவர் மீது இத்தனை கோபப்படலாமா என்று தெரியவில்லை. ஆனால் நீங்கள் உயிரோடு இருந்தபோதே உங்களிடம் பொறுமையாக இருக்க எனக்கு வாய்க்கவில்லை. இப்போது மட்டும் எப்படி வரும்?

நாம் பழகியதே ஒரு கியர் பெட்டியால்தான். ரொம்மன் கடை வாசலில் என் பழைய கார் பின்னால் நகர மறுத்து நின்றது. நீங்கள் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, கேட்காமலேயே குனிந்து பார்த்தீர்கள். "எண்ணெய் குறைஞ்சுபோச்சு ஐசே, வேறை ஒண்டுமில்லை" என்றீர்கள். பேருந்துப் பணிமனையில் இருபது வருடம் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிகளைத் திறந்து மூடியவர் நீங்கள். நானோ கோயம்புத்தூரில் இயந்திரவியல் படித்துவிட்டு, இந்தக் குளிர்நாட்டில் கப்பல்களில் கயிறு இழுக்கும் வின்ச்சுகளுக்குக் கணக்குப் போடுகிறவன். உங்கள் ஊர்ப் பேச்சில் நீங்கள் என்னை 'நீர்' என்றபோது அது மரியாதையா கிண்டலா என்று முதல் மாதம் முழுக்கக் குழம்பினேன்.

அந்த சுவீடன் டர்போ கார்தான் உங்கள் உயிர். பார்க்க ஏதோ மளிகை வாங்கப் போகிற நீண்ட குடும்ப வண்டி. உள்ளே அதன் எஞ்சினை நீங்கள் ஏற்றி வைத்திருந்த விதத்தில், முதலில் இருந்ததைப் போல இரண்டரை மடங்கு இழுவை. பிறகு உங்கள் நரம்புகளில் ஒரு நோய் வந்தது. இடது கால் கிளட்சை மிதிக்க மறுத்தது. கையில் ஊன்றுகோல் வந்தது. "ஆட்டோமேட்டிக் பெட்டி பூட்டுவம், வாரும்" என்றீர்கள். நான் உடனே சம்மதித்தேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

எதைப் பூட்டுவது என்பதிலேயே முதல் குளிர்காலம் போனது. நான் ஒரு புதிய எட்டு கியர் பெட்டியைச் சொன்னேன். உங்கள் எஞ்சினின் இழுவையை அது அலட்டாமல் தாங்கும். கணினி ஒன்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். பதினாறு பக்கக் கணக்கு கொண்டுவந்தேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பழைய நான்கு கியர் பெட்டி ஒன்றை மேசை மேல் உருட்டி வைத்தீர்கள்.

"நீர் சொல்லுறது நல்ல பெட்டிதான். பழுதானா அதை ஆரிட்டைக் கொண்டு போறது? இதெண்டா மேசையிலை கழட்டி ஒவ்வொரு தகடாப் பாக்கலாம்."

"இது உங்க எஞ்சினோட பாதி இழுவையைக்கூடத் தாங்காதுங்க."

"அதுதானே உம்மைக் கூப்பிட்டனான்."

இப்படித்தான் என்னை மடக்குவீர்கள். பெட்டியைப் பலப்படுத்தத் தொடங்கினோம். உள்ளே கியர் மாற்றும் கிளட்ச் தகடுகள் ஐந்து இருந்த இடத்தில், அவற்றை அழுத்தும் உலோகத்தைச் சீவி மெலிதாக்கி ஏழு அடுக்கினோம். உள்ளே வரும் தண்டுக்குக் கடினப்படுத்திய எஃகில் புதிதாக ஒன்று செய்வித்தோம். எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டினோம். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் எண்ணெயாலேயே விசையைக் கடத்தும் அந்த உருண்டையைச் சற்றுச் சிறியதாகப் போட்டோம். வண்டி நகர்வதற்கு முன்பே டர்போ விழித்துக்கொள்ள அது வேண்டும். முன்னால் ஒரு பெரிய எண்ணெய்க் குளிர்விப்பானும் வைத்தோம். இதிலெல்லாம் நமக்குள் சண்டையே இல்லை.

சண்டை ஒன்றில்தான். முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறுவது எப்படி இருக்கவேண்டும்? இத்தனை இழுவையுள்ள வண்டியில் மாற்றம் சட்டென்று, முதுகில் குத்தியது போல நடக்கவேண்டும். மெதுவாக மாறினால் தகடுகள் வழுக்கும், வழுக்கினால் எரியும். இதை இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் ஒப்புக்கொள்வார்கள். நீங்கள் ஒப்பவில்லை.

"மெத்தெண்டு மாறவேணும் ஐசே. மடியிலை வைச்ச தேத்தண்ணி சிந்தக்கூடாது."

"எரிஞ்சுடுங்க."

"எரியாமச் செய்யும். நீர்தானே படிச்சனீர்."

உங்கள் விருப்பப்படியே பூட்டினோம். சோதனை ஓட்டத்துக்கு என்னையே ஓட்டச் சொன்னீர்கள். "நான் சத்தம் கேக்கவேணும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து, கியர் பெட்டிக்கு மேலிருந்த மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டீர்கள். ரொம்சோஸ் ஏற்றத்தில் மூன்றாம் முறை அழுத்தியபோது எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. கருகிய வாசனை உள்ளே வந்தது. நான் சொன்னது போலவே இரண்டாம் கியர் தகடுகள் கரியாகியிருந்தன. எனக்குள் அசிங்கமாக ஒரு சந்தோஷம்.

"இப்பவாவது கேப்பீங்களா?"

"திரும்பக் கழட்டுவம்" என்றீர்கள். அவ்வளவுதான்.

இரண்டாம் குளிர்காலம் அதற்குப் போனது. உங்களைத் திட்டிக்கொண்டே ஒரு சிறிய கட்டுப்பாட்டுக் கருவியைச் செய்தேன். கியர் மாறும் அந்தக் கண்ணிமைப்பில் எஞ்சினின் இழுவையை அது குறைத்துவிடும். மாறியதும் திருப்பிக் கொடுக்கும். தகடுகளுக்குச் சுமை இல்லை, அதனால் மெதுவாக மாறினாலும் எரியவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று. எரிச்சலில் செய்தது.

வண்டி பரிசோதனையில் தேறிய மறுநாள் ஞாயிறு. உங்கள் வீட்டு வாசலில் நின்றேன். உங்கள் மனைவி வதனி அக்கா செருப்பை மாற்றிக்கொண்டு வந்தார். நீங்கள் ஊன்றுகோலைப் பின் இருக்கையில் போட்டுவிட்டு, சாவியை அக்காவிடம் கொடுத்து, முன்னால் பக்கத்து இருக்கையில் ஏறினீர்கள்.

"நீங்க ஓட்டலையா?" என்றேன்.

"நான் லைசென்சைத் திருப்பிக் குடுத்து ரெண்டு வருசமாகுது. வலது காலும் விறைச்சுப்போச்சு. மிதிக்கிறது தெரியுதில்லை. வதனிக்கு ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டுற லைசென்ஸ்தானே இருக்கு."

இரண்டு வருடம். அதாவது அந்தப் பழைய பெட்டியை மேசையில் உருட்டி வைத்த நாளுக்கு முன்பே. நான் பின் இருக்கையில் ஊன்றுகோலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா நெடுஞ்சாலையில் ஏறி, கொஞ்சம் தயங்கி, மிதித்தார். டர்போ சீறியது. இரண்டாம் கியர் விழுந்ததை நான் எஞ்சின் வேகமானியின் முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அக்கா, "இது இப்பிடி ஓடுமெண்டு நீங்கள் சொல்லவேயில்லை" என்றார் உங்களிடம். வேகத்தைக் குறைக்கவும் இல்லை. நீங்கள் சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தீர்கள். இத்தனை வருடத்தில் உங்கள் முகத்தை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததில்லை.

இருந்தும் எனக்கு ஆறவில்லை. புருசெத் வந்ததும் இறங்கிக்கொண்டேன். வீட்டுக்கு நடந்தே போனேன். இல்லாத ஓர் ஓட்டுநருக்காக இரண்டு குளிர்காலம் வாதாடியிருக்கிறேன் என்பது எப்படிப்பட்ட அவமானம். மூன்று வாரம் கழித்து நீங்கள்தான் அழைத்தீர்கள்.

"எண்ணெய் மாத்தவேணும், வாறீரே?"

"அக்காவுக்குன்னு முதல்லயே ஏன் சொல்லலை? சொல்லியிருந்தா முதல் நாளே சரியா செஞ்சிருப்பேன்."

நீங்கள் சொன்னீர்கள்: "நீர் எஞ்சினைப் பற்றிக் கேட்டீர். தகட்டைப் பற்றிக் கேட்டீர். ஆர் ஓட்டப்போறதெண்டு ஒருநாளும் கேக்கேல்லை."

போனேன். எண்ணெய் மாற்றினோம். அந்தப் பேச்சை இருவருமே மறுபடி எடுக்கவில்லை. அடுத்த குளிரில் நெஞ்சில் சளி கட்டி நீங்கள் போய்விட்டீர்கள். ஸ்தோவ்னரில் உள்ள முதியோர் இல்லத்துக்கு அக்கா இன்றும் அந்த வண்டியில்தான் வேலைக்குப் போகிறார். "உங்கடை அண்ணையின்ரை சத்தம் காதிலை கேட்டபடி போறன்" என்று உங்களைத்தான் சொல்கிறார்.

போன மாதம் அலுவலகத்தில் ஒரு மீன்பிடிப் படகின் வின்ச் பற்றிக் கூட்டம். கணக்கெல்லாம் சரியாக இருந்தது, எல்லாரும் எழப்போனார்கள். இதை இயக்கப்போகிறவர் யார் என்று நான் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் இன்னும் ஒரு மணி நேரம் நீண்டது. என் மேலதிகாரி என்னை முறைத்துக்கொண்டே படகுக்காரருக்குப் போன் போட்டார். எடுத்தது ஒரு பெண். தனியாகக் கடலுக்குப் போகிறவராம். நாங்கள் அனுப்பிய வரைபடத்தில் இருக்கும் நெம்புகோல் தன் கைக்கு எட்டாது என்று எப்படிச் சொல்வதென்றே இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தாராம்.