வண்டியின் முதுகில் சந்தனம்

நவம்பர் 4, திங்கள்

காலையில் தூறல். வெண்ணெய் உருக்கி முடிக்கப் பத்து மணி. சேலம் கடைகளில் நெய் டின் இறக்கிவிட்டு ராசிபுரம் திரும்பினால் இன்சூரன்ஸ் நோட்டீஸ் இரண்டு. வேனுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இரண்டிலுமே பிரீமியம் ஏறியிருக்கிறது.

ஏஜென்ட் தம்பிக்குப் போன். "ஸ்பேர் பார்ட்ஸ் வெலை ஏறிப்போச்சுங்கக்கா. மழை வெள்ளம் வேற. எல்லாரும் கிளெய்ம் போடறாங்க" என்றார். எவனோ போட்டதற்கு நான் கட்டுவதா?

"வேனு சரி. ஊடு என்ன ரோட்டுலயா ஓடுது?" என்றேன். சிரித்தே சமாளித்தார்.

வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறது, தப்ப முடியாது. கட்டியாயிற்று. வேனுக்கு மட்டும் பேரம்.

எனக்கென்ன பயம்? கிளெய்ம் போடாதவர்களுக்குப் பிரீமியத்தில் கழிக்கும் நோ கிளெய்ம் போனஸ் ஐம்பது சதவீதம் கையில். அதற்கு மேல் யாருக்கும் கிடையாது. வண்டி வாங்கியதிலிருந்து ஓட்டியது நான் ஒருத்தி, ஒரு கிளெய்ம் போட்டதில்லை. மகள் பத்தாவதில் வாங்கிய மார்க்கைக்கூட இத்தனை பேரிடம் சொன்னதில்லை.

நவம்பர் 7, வியாழன்

கண் டாக்டர். வலது கண்ணில் புரை. அடுத்த மாதம் ஆபரேஷன். பிறகு அவர் சொல்லும்வரை வண்டி ஓட்டக்கூடாதாம்.

டிரைவர் போடுவதா? அவன் ஒரு தடவை எங்காவது பலமாக இடித்து, கிளெய்ம் போடும்படி ஆனால் என் ஐம்பது போச்சு. ஏறின பிரீமியத்தை முழுசாகக் கட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லி அழுதேன். நெசவாளர் சொசைட்டியில் கணக்கெழுதி ரிட்டையர் ஆன மனிதர், ஸ்டியரிங் தொட்டதில்லை. கடைவீதியில் என்னை டிரைவரம்மா என்பார்கள், இவரைக் கிளீனர் என்பார்கள். எப்போதும் கூடச் சேர்ந்து சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை.

வாங்க: வடிகட்டும் துணி, தேங்காய், இவருக்குப் பி.பி. மாத்திரை.

நவம்பர் 15, வெள்ளி

பள்ளிபாளையத்தில் மகள் வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தேன். வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்திருக்கிறார். ஆச்சரியம்தான். ஆனால் பின்கதவு மூலையிலும் கையகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். யாராவது வண்டிக்கு முதுகில் பொட்டு வைப்பார்களா?

"நாலு பக்கமும் காவல் வேணுமல்ல அம்மிணி" என்கிறார். திடீர் பக்தி. இருக்கட்டும்.

நவம்பர் 18, திங்கள்

நேற்றோடு வேன் பாலிசி முடிந்துவிட்டது! பேரம் பேசியே தேதியை விட்டுவிட்டேன்.

"எத்தன தடவ போன் போட்டனுங்கக்கா!" என்கிறார் ஏஜென்ட். உண்மைதான். குறைத்தால்தான் எடுப்பேன் என்று வீம்பாக இருந்தது நான். இனி ஆள் வந்து வண்டியைச் சுற்றிப் படம் பிடித்த பிறகுதான் பாலிசியாம். வியாழன் வருவார்.

அதுவரை வண்டி வாசலில், நெய் பஸ்ஸில். "ஏனுங்கக்கா, டின்னுக்கும் டிக்கெட் எடுக்கோணுமுங்க" என்றார் கண்டக்டர். எடுத்தேன். புத்தி வரட்டும்.

நவம்பர் 21, வியாழன்

படம் எடுக்க வருகிறார்களே என்று காலையில் வண்டி கழுவினேன். பின்பக்கச் சந்தனத்தில் தண்ணீர் ஊற்றியதும் இவர் ஓடி வந்தார். "அதத் தொடாத அம்மிணி, சாமி குத்தம்!" குரலே சரியில்லை. அழுத்தித் தேய்த்தேன். அடியில் பள்ளம். குழிக்கரண்டி அளவு.

நான் மகள் வீட்டில் இருந்தபோது நடந்ததாம். எல்.எல்.ஆர். போட்டிருக்கிறார். லாரி ஓட்டும் நண்பரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சந்தைத் திடலில் ஓட்டிப் பழகியிருக்கிறார். ரிவர்ஸ் எடுக்கும்போது கல்தூண்.

"அய்யோ, என்ற அம்பது!" என் வாயில் முதலில் வந்தது அதுதான்.

"அந்த அம்பதுக்காகத்தான் பழகுனேன். டிரைவரு போட்டா போயிருமின்னு நீதான அழுத? உனக்குக் கண்ணு ஆறற வரைக்கும் நானே பாத்துக்கலாமுன்னு..." முகம் தொங்கிவிட்டது. சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

அதற்குள் படம் எடுக்கும் பையன் வாசலில். "மறுபடி அப்பீரட்டுமா? பள்ளத்தப் பாத்தா போனஸக் கழிச்சிருவாங்களாமா" என்று கிசுகிசுக்கிறார், கையில் சந்தனக் கிண்ணத்தோடு. ஒரு நிமிடம் எனக்கும் ஆசைதான். ஆனால் மறைத்து வாங்கினால் அப்புறம் அதை நான்கு பேரிடம் எப்படிச் சொல்லிக்கொள்வது? கிண்ணத்தைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன்.

"இங்கொரு அடி பட்டிருக்குது சாமி. இதையும் எடுத்துக்குங்க."

எடுத்தான். "கிளெய்ம் போடப் போறீங்களாங்கம்மா?"

"இல்ல சாமி."

"அப்பப் போனஸுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. பழைய அடின்னு எழுதிக்கறேன். இதச் சரி பண்ணக் காசு மட்டும் வராது."

போன உயிர் வந்தது. இவர் உள்ளே ஓடி, வந்த ஒருவருக்கு மூன்று டம்ளர் மோர் கொண்டுவந்தார்.

நவம்பர் 23, சனி

நல்ல வெயில். பாலிசி போனுக்கே வந்துவிட்டது. பிரீமியத்தில் ஒரு பைசா குறையவில்லை. போனஸ் ஐம்பது என்று அதில் இருக்கிறது. மகளுக்கு அனுப்பினேன், சம்பந்தியம்மாவுக்கும். பள்ளத்தைத் தட்டி எடுக்க ஆளுக்குச் சொல்லட்டுமா என்றார் இவர். இருக்கட்டும் என்றேன்.

சாயங்காலம் சாவியை அவர் கையில் கொடுத்தேன். என் வண்டியில் முதல்முறையாக இடப்பக்கம் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஆண்டகளூர்கேட் வரை. இரண்டு முறை இன்ஜின் ஆஃப் ஆனது. பின்னால் பஸ் ஹாரன். சட்டை முழுக்க வியர்வை, ஆனால் பாதியில் விட்டு இறங்கவில்லை மனிதர். நான் வாயே திறக்கவில்லை. அதுதான் இன்றைய அதிசயம்.

அங்கேதான் சேலம் போகும்போது நான் டீ குடிக்கும் கடை. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னுங்கக்கா, டிரைவரு போட்டாச்சாட்ட இருக்குது?"

"டிரைவரு இல்லீங்க. எங்கூட்டுக்காரரு."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.